பார்வையற்ற பெற்றோரும் நமது இலக்கியமும்

சென்ற தவணையின் தொடக்கத்தில், பிரசவ விடுமுறையின் 84 வேலை நாட்களும் முடிந்து, நாம் மீண்டும் வகுப்பறைக்குச் சென்றோம். மகாபாரதக் கதைமாந்தர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு பத்தாந்தர மாணவரிடம் கூறியிருந்தோம். எமக்குப் பார்வை இல்லை. ஆதலால் மாணவர் தத்தம் கட்டுரைகளை உரக்க வாசிப்பதும், நாம் கேட்டுத் திருத்துவதும் எமது வகுப்பின் வழக்கம். ஒரு மாணவி திருதராட்டிரனைப் பற்றி எழுதியிருந்தாள். தங்குதடையின்றி வாசித்து வந்தவள் ஓரிடத்தில் சட்டென நின்றாள். வகுப்பும் அடங்கிற்று. "வாசி பிள்ளை" என்றோம். குருகுலத்தை அழித்தது திருதராட்டிரனின் குருட்டுப் பாசமே என்று மிகத் தாழ்ந்த குரலில் வாசித்து முடித்தாள்.

அம்மாணவி மீது குறை கூற எமக்கு எதுவும் இல்லை. அச்சொல்லை அவள் படைக்கவில்லை. உரைநூல்களும், பட்டிமன்ற மேடைகளும், முன்னைய ஆண்டுகளில் நாமே வகுப்பிற் சொல்லிக் கொடுத்த குறிப்புகளும் அவளுக்கு அதனைக் கொடுத்தன. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாளிலும், ஆசிரியத் தொழிலின் பத்தாண்டுகளிலும் எம்மை உறுத்தாத அச்சொல், வீட்டில் ஐந்து மாதக் குழந்தையை விட்டு வந்திருந்த அன்று எம்மை உறுத்திற்று. பார்வையற்ற பெற்றோரின் பாசம் நமது இலக்கியத்தில் எவ்வாறு கூறப்பட்டிருக்கிறது என்னும் வினா அன்று எழுந்தது. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் பாரதத்தையே எடுத்துக்கொள்வோம். திருதராட்டிரன் பார்வையின்றிப் பிறந்ததற்குக் காவியம் கூறும் காரணம், அவன் தாய் அம்பிகை வியாசரைக் கண்டு அஞ்சிக் கண்களை மூடிக்கொண்டாள் என்பதாகும். பிள்ளையின் குறைக்குத் தாயே பொறுப்பு என்னும் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டு விடுகிறது. பார்வையின்மை காரணமாக மூத்தவனுக்கு அரசுரிமை மறுக்கப்பட்டு, இளையவன் பாண்டு அரசனாகிறான். இம்மறுப்பு நீதியா என்று காவியம் நின்று ஆராயவில்லை. மறுக்கப்பட்டவனின் மனக்குறை மகன் மீதுள்ள ஆசையாக வளர்வதை மட்டும் விரிவாகக் காட்டுகிறது. ஈற்றில், அவனுடைய கண்ணின் நிலையும் அவனுடைய அறத்தின் நிலையும் ஒன்றே என்று நாம் எண்ணும்படி கதை செல்கிறது.

காந்தாரியின் கதை இதனினும் கவனிக்கத்தக்கது. கணவன் காணாத உலகைத் தானும் காணேன் என்று கண்களைக் கட்டிக்கொண்டவள் அவள். அவள் வயிற்றில் ஈராண்டு தங்கிய கருவோ தசைப்பிண்டமாக வெளிப்படுகிறது. வியாசர் அதனைப் பகுத்து நெய்க்குடங்களில் இடச் செய்கிறார். நூறு மைந்தரும் ஒரு மகளும் அக்குடங்களில் உருப்பெறுகின்றனர். இதில் ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. காணாத தாயொருத்தி கைக்குழந்தையை வளர்க்கும் காட்சியைக் கற்பனை செய்யக் காவியத்தால் இயலவில்லை. கற்பனைக்கு எட்டாத இடத்தில் குடங்கள் வந்து அமர்ந்துகொண்டன. நூற்றுவரைப் பெற்ற தாய் ஒரு குழந்தைக்கேனும் பாலூட்டும் காட்சி நம் நெஞ்சில் நிற்கவில்லை. நிற்பதெல்லாம் கண்ணிற் கட்டிய துணியே.

இராமாயணத்தில் வரும் பார்வையற்ற பெற்றோர் வேறு வகையினர். அவர்களைத் திருதராட்டிரனைப் போல் யாரும் பழிப்பதில்லை, எல்லாரும் இரங்குகின்றனர். தண்ணீர் மொள்ளச் சென்ற ஒரே மகன் தசரதனின் அம்புக்கு இரையாகிறான். தாங்குவாரற்ற முதியோர் இருவரும் சாபமிட்டு மடிகின்றனர். மக்கள் வழக்கில் அம்மைந்தன் பெற்றோரைக் காவடியில் வைத்துத் தூக்கிச் சுமந்தவன். பெற்றோரைப் பேணுவதற்குச் சான்றாக இக்கதையை இன்றும் பாடசாலைகளிற் கூறுகிறோம். ஆனால் பெற்றோரைத் தூக்கும் வயது வரும்வரை அவனைத் தூக்கி வளர்த்தவர் யார்? இவ்வினாவை நாம் மாணவரிடம் கேட்டதில்லை. எமது ஆசிரியரும் எம்மிடம் கேட்டதில்லை. அப்பெற்றோர் பின்னாளிற் பார்வை இழந்தவர் என்று கொள்வோர் கொள்ளட்டும். காவியத்துக்கு வேண்டியிருப்பது அவர்களுடைய துணையற்ற நிலை. அவர்கள் ஒரு காலத்திற் செய்த உழைப்பு அதற்கு வேண்டியதில்லை.

பழிப்பும் இரக்கமும் ஆகிய இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழியொன்று நமது மரபில் உண்டு. பெரியபுராணத்துத் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்க் குளத்தைத் தோண்டி அகலப்படுத்த விரும்பிய அவர், குளத்தினுள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்து, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார் என்கிறார் சேக்கிழார். பார்வையற்றவர் ஒருவர் தம் தொழிலுக்குத் தாமே வகுத்துக்கொண்ட முறை அது. கயிறும் கம்பும் கற்பனைச் சரக்கல்ல. எந்தப் பார்வையற்ற தொழிலாளியும் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஆயின் முடிவு என்ன? அற்புதம் நிகழ்கிறது. அடிகள் பார்வை பெறுகிறார். இகழ்ந்தோர் பார்வை இழக்கின்றனர். குருடு மீண்டும் தண்டனை ஆகிவிடுகிறது. நடுவில் நின்ற கயிற்றை நாம் மறந்து, முடிவில் வந்த அற்புதத்தைப் போற்றுகிறோம்.

நிற்க. பழைய இலக்கியத்தைக் குறை கூறிவிட்டு இக்காலத்தை விட்டுவிடுவது நேர்மையாகாது. தமிழ்த் திரைப்படம் பார்வையற்றோரைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறது. 1981இல் வெளிவந்த 'ராஜபார்வை' பார்வையற்ற வயலின் கலைஞன் ஒருவனின் காதலைக் கண்ணியத்துடன் கூறிற்று. 2014இல் வந்த 'குக்கூ' பார்வையற்ற இருவரின் காதலைக் கதையாக்கிற்று. 2009இன் 'நான் கடவுள்' பிச்சையெடுக்கும் பார்வையற்ற பெண்ணுக்குச் சாவையே விடுதலையாகத் தந்தது. முன்னைய இரண்டும் பாராட்டத்தக்க முயற்சிகளே. எனினும் அவை காதல் வரையில் வருகின்றன. தொட்டில் வரையில் வருவதில்லை. காதலுக்குக் கண்ணில்லை என்ற பழமொழி இருப்பதனாலோ என்னவோ, பார்வையற்றோர் காதலிப்பதை நமது சமூகம் இரசிக்கிறது. அவர்கள் ஒரு பிள்ளையைப் பெற்று, இரவு இரண்டு மணிக்கு அதன் ஈரத்துணியை மாற்றும்போது இரசனை நின்று, அச்சம் தொடங்கி விடுகிறது.

முற்போக்கு எழுத்தாளராகிய நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். 'குருட்டு நம்பிக்கை' என்று அதிகம் எழுதியவர்கள் நாம். அறியாமையை இருள் என்றும், விழிப்பைப் புரட்சி என்றும், முதலாளியைக் கண்ணற்றவன் என்றும் எழுதினோம். சாதி இழிசொற்களை நமது எழுத்திலிருந்து அகற்றப் போராடினோம். பெண்ணை இழித்துரைக்கும் பழமொழிகளைத் தோலுரித்தோம். ஆனால் உடற்குறையை அறக்குறைக்கு உவமையாக்கும் வழக்கத்தை மட்டும் ஆராயாமலே ஏற்றுக்கொண்டோம். உவமைதானே, அதனால் என்ன கேடு என்று நண்பர்கள் கேட்கலாம். கேடு உண்டு. மேடையிற் சொல்லப்படும் உவமை மருத்துவமனைக் கட்டிலருகே வினாவாக வந்து நிற்கிறது.

எமது மகள் பிறந்த மறுநாள், மருத்துவமனையொன்றின் பிரசவ விடுதியில், கடமையிலிருந்த ஒருவர் கட்டிலருகே வந்தார். "பிள்ளையை யார் வளர்க்கப் போவது?" என்று கேட்டார். எம்மிடம் அன்று, பார்க்க வந்திருந்த எமது மாமியிடம். எம் கணவரும் பார்வையற்றவர். ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநராகப் பணிபுரிபவர். அவரும் அங்கேதான் நின்றார். பக்கத்துக் கட்டிலில் முதற் பிள்ளையைப் பெற்ற இளம் பெண்ணொருத்தி இருந்தாள். குழந்தையை எவ்வாறு பிடிப்பது என்று அறியாமல் அவளும் எம்மைப் போலவே கலங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் அவ்வினாவை எவரும் கேட்கவில்லை. அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

எமக்குக் கிடைத்தது வெறும் வினா. அவ்வினா எதுவரை செல்லக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 2010ஆம் ஆண்டில் மிசூரி மாநிலத்தில் பார்வையற்ற தம்பதியினருக்குப் பிறந்த குழந்தையை, பிறந்த சில நாட்களிலேயே அதிகாரிகள் அவர்களிடமிருந்து பிரித்தனர். தாய் முதன்முறை பாலூட்டத் தடுமாறியதே தொடக்கம். 57 நாட்கள் கழித்தே அக்குழந்தை பெற்றோரிடம் மீண்டது. முதற்பிள்ளைக்குப் பாலூட்டத் தடுமாறாத தாய் உலகில் எங்குளள்? கண்ணுள்ளவள் தடுமாறினால் அது பழக்கமின்மை. கண்ணில்லாதவள் தடுமாறினால் அது தகுதியின்மை. ஹெலன் கெல்லரை உலகமே கொண்டாடிற்று. ஆயினும் 1916இல் அவர் மணஞ்செய்ய விரும்பியபோது அவருடைய குடும்பத்தினரே தடுத்துவிட்டனர். நூல் எழுதலாம், மேடையிற் பேசலாம், சோசலிசம் கூடப் பேசலாம்; குடும்பம் மட்டும் கூடாது என்பதே அன்றைய கொண்டாட்டத்தின் எல்லை.

இனி, அந்த வினாவுக்குரிய விடையைக் கூறுவோம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை வீட்டில் நாம் வசிக்கிறோம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தபின் மாமி ஊருக்குத் திரும்பினார். அதன்பின் பிள்ளையை வளர்ப்பவர்கள் நாம் இருவருமே. கண்டியின் மார்கழிக் குளிரிற் குளிப்பாட்டும் நீருக்கு முதலிற் தண்ணீரையும் பின்னரே கொதிநீரையும் ஊற்றி முழங்கையால் சூடு பார்க்கிறோம். காய்ச்சல் மருந்துப் போத்தலில் ஓர் இறப்பர் வளையம். இருமல் மருந்துக்கு இரண்டு. மருந்து அளக்கும் ஊசியற்ற பீச்சுகுழலின் தண்டில், வேண்டிய அளவுக்கு நேரே சிறு வெட்டு ஒன்று இட்டிருக்கிறோம். நகம் அவ்வெட்டிற் தட்டினால் அளவு சரி. சோறு ஊட்டும்போது இடக்கைவிரல் பிள்ளையின் தாடையில் இருக்கும். வாய் திறப்பதை விரல் அறியும். உறங்கும்போது வயிற்றின் மீது வைத்த கை மூச்சை எண்ணும். இப்போது ஒன்பது மாதம், தவழுகிறாள். காலிற் கொலுசு கட்டியிருக்கிறோம். அழகுக்கு என்று ஊரார் எண்ணுகின்றனர். அவள் கதவருகே செல்கிறாளா, அடுப்பருகே செல்கிறாளா என்பதை எமக்குச் சொல்வது அந்தக் கொலுசு.

அபாயமே இல்லை என்று நாம் வாதிடவில்லை. பிறந்த குழந்தையின் உடல் மஞ்சளாவதை விரல் அறியாது. அதற்குக் கண் வேண்டும். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும், அண்டை வீட்டுச் சிங்களத் தாயிடமும் அதனைக் கேட்டே அறிந்தோம். ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு வழங்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் பிள்ளையின் நிறை நிறக் கோடுகளிடையே ஒரு புள்ளியாகக் குறிக்கப்படுகிறது. அப்புள்ளி எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பிறர் சொல்லவே கேட்கிறோம். இது எமது கண்ணின் குறை மட்டுமா? ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டில், மருந்துப் பெட்டிகளில் மருந்தின் பெயரைப் பிரெய்ல் எழுத்திலும் பொறிக்க வேண்டும் என்று விதித்தது. நமது மருந்துக்கடையில் வாங்கும் போத்தல்கள் விரலுக்கு எல்லாம் ஒன்றே. பிரெய்ல் தம் எழுத்து முறையை வெளியிட்டது 1829இல். இரண்டு நூற்றாண்டு போதாதா என்பதே எமது கேள்வி.

பெரிய துன்பம் இவற்றில் எதுவும் அன்று. ஒருநாள் தடுப்பூசிக்காகப் பிள்ளையை மார்பிற் கட்டிக்கொண்டு, வெள்ளைப் பிரம்புடன், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தருகே பஸ்ஸுக்கு நின்றோம். எவரோ எமது கையைப் பற்றி விரித்து ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் சென்றார். பாடசாலைக்கு அணியும் சேலையே நாம் அணிந்திருந்தோம். அந்நாணயத்தைக் கொடுத்த கை இரக்கமுள்ள கைதான். ஆயினும் பிரம்பும் பிள்ளையும் ஒருங்கே இருந்தால் அது பிச்சை என்பதே அக்கைக்கு இலக்கியமும் திரைப்படமும் கற்றுக்கொடுத்த பாடம்.

இரக்கத்தில் நமது நாடு பின்தங்கியதன்று. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பியது முதல், உலக நாடுகள் பலவற்றுக்குப் பார்வை தந்திருக்கிறது. போற்றத்தக்க பணி அது. இறந்தபின் கண் கொடுக்கும் சமூகம், உயிரோடு இருக்கையிற் கண்ணில்லாதவருக்கு உரிமை கொடுக்கிறதா என்பதே அடுத்த வினா. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 23ஆம் உறுப்புரை, பெற்றோரின் உடற்குறையைக் காரணங்காட்டிப் பிள்ளையைப் பிரித்தல் எந்நிலையிலும் ஆகாது என்கிறது. பெற்றோர் பிள்ளை வளர்க்கத் தக்க உதவியை அரசு வழங்கவேண்டும் என்றும் கூறுகிறது. உதவி என்பது அங்கே தானம் அன்று, கடமை.

இது ஒரு சிறு தொகையினரின் பிரச்சினை, வர்க்கப் பிரச்சினையின் முன் இதற்கு என்ன இடம் என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். அவர்களைக் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு அழைக்கிறோம். ஹந்தானையிலும், கலஹாவிலும், தெல்தோட்டையிலும் 'பிள்ளைக்காம்பிரா' என்று ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் பிள்ளையை அங்கே விட்டுச் செல்வாள், ஆயம்மா பார்த்துக்கொள்வாள். அத்தாய் கண்ணுள்ளவள், எனினும் தனித்துப் பிள்ளை வளர்க்க அவளால் இயலாது. அதற்காக அவளைத் தகுதியற்ற தாய் என்று எவரும் சொன்னதுண்டா? இல்லை. அவளுடைய கைகள் மலைக்கு வேண்டியிருந்தன. ஆதலால் தோட்ட முதலாளி அறை கட்டினான், ஆள் வைத்தான். எந்தத் தாயும் தனித்துப் பிள்ளை வளர்ப்பதில்லை. யாருடைய உழைப்புத் தேவையோ அவருக்கு உதவி ஏற்பாடாகிறது, யாருடைய உழைப்பு மதிக்கப்படவில்லையோ அவரிடம் வினா கேட்கப்படுகிறது. நாம் பாடசாலை செல்லும் நேரத்தில் அண்டை வீட்டுத் தாய் ஊதியம் பெற்றுப் பிள்ளையைப் பார்க்கிறார். கண்ணுள்ள ஆசிரியைகளும் அதனையே செய்கின்றனர். பார்வையற்ற செல்வந்தர் ஒருவர் மூன்று ஆயாக்களை வைத்துக்கொள்ளலாம். அவரை எவரும் கேட்கமாட்டார். ஆக, கண்ணில்லாமை மட்டும் அன்று, கண்ணும் காசும் ஒருங்கே இல்லாமைதான் வினாவுக்கு உள்ளாகிறது. இது வர்க்கப் பிரச்சினை அன்றி வேறென்ன?

இவ்வளவும் கூறியபின், நமது மரபு முழுவதையும் தள்ளிவிட வேண்டுமா என்று கேட்பின், வேண்டா என்போம். பிள்ளை வளர்க்கத் தொடங்கிய பின்னர் திருக்குறளின் 'மக்கட்பேறு' அதிகாரத்தை மீண்டும் கேட்டோம். பலமுறை கற்பித்த அதிகாரம். ஆயினும் அன்றுதான் ஒன்றைக் கவனித்தோம். குழந்தை தரும் இன்பத்தை வள்ளுவர் எப்புலன்களின் வழியாகக் கூறுகிறார்? பிள்ளையின் கை துழாவிய உணவு நாவுக்கு இன்பம். அதன் உடலைத் தொடுதல் மெய்க்கு இன்பம். அதன் மழலை செவிக்கு இன்பம். குழலும் யாழும் அதற்கு ஈடாகா. வளர்ந்தபின் அவனைச் சான்றோன் என்று ஊரார் சொல்ல, அதனையும் தாய் கேட்டே மகிழ்கிறாள். அப்பத்துக் குறள்களில், கண்ணாற் கண்டு மகிழ்வதாக ஒன்றேனும் இல்லை. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் குழந்தையும் கை நீட்டித் தொட்டு, துழாவி, நெய்ச்சோற்றை மேனியெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தை. பிள்ளைத்தமிழிலோ தாலும் சப்பாணியும் முத்தமும் செவியையும் தொடுகையையும் சார்ந்த பருவங்கள். அம்புலிக்குத்தான் கண் இன்றியமையாதது.

ஆக, நமது மரபில் இரண்டு கைமுதல்கள் உள. ஒன்று, பார்வையற்ற பெற்றோரைப் பழிக்கும், அல்லது இரங்கும், அல்லது அற்புதத்தாற் குணப்படுத்தும் காவிய மரபு. மற்றது, குழந்தையைக் கையாலும் செவியாலும் நாவாலும் அறிந்த பாடல் மரபு. இரண்டாவதைப் பாடியோர் பார்வையற்றோரை மனத்திற் கொண்டு பாடியிருக்கமாட்டார்கள். அதனை நாம் அறிவோம். குழந்தையை உண்மையாக அறிந்து பாடியதனாலேயே அவர்கள் பாட்டில் எமக்கும் இடம் இருக்கிறது. யதார்த்தத்தின் வலிமை இதுவே அன்றோ?

மலையக எழுத்தின் வரலாறும் இதற்குச் சான்று. தொழிலாளியைப் பிறர் பரிதாபத்துக்குரியவராகக் கண்டபோது, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவரை உழைப்பாளியாக இலக்கியத்தில் நிறுத்தினர். என். எஸ். எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' என்று கதைக்குப் பெயர் வைத்தபோது, பறிக்கும் தொழிலின் திறனே கதைக்கு உயிராயிற்று. கூடையின் பாரத்தை எழுதிய கைகள், பீச்சுகுழலில் இட்ட வெட்டையும் கொலுசின் ஒலியையும் எழுதமுடியாதா? எமக்குப் புகழ்ச்சிப் பாத்திரங்கள் வேண்டா. பார்வையற்ற தாய் கோபக்காரியாகவும் இருக்கலாம். பிள்ளையின் அழுகையிற் சலிப்படைபவளாகவும் இருக்கலாம். அன்று சோறு குழைந்தும் போகலாம். அவள் கை என்ன செய்கிறது என்பதை எழுதுங்கள். அது போதும்.

அன்று அம்மாணவியின் கட்டுரைக்கு நல்ல புள்ளிகளே இட்டோம். அச்சொல்லின் கீழே கோடிடச் சொல்லி, திருதராட்டிரனின் பாசத்தில் இருந்த குறை என்ன என்று கேட்டோம். சற்று எண்ணி, "நீதி இல்லை, டீச்சர்" என்றாள். "அதையே எழுது" என்றோம். மறுநாள் அவள் வாசித்த கட்டுரையில் 'நீதியற்ற பாசம்' என்று இருந்தது. இம்முறை அவள் குரல் தாழவில்லை.